வளர்த்துக் கொடுப்பவரும் வாசல் திறப்பவரும்

முதல் போட்டவர் லாபத்தை எதிர்பார்ப்பது வணிகத்தின் இயல்பு. லாபம் வராவிட்டாலும் போட்ட முதலாவது திரும்ப வேண்டும் என்று கணக்குப் பார்ப்பவர்கள் நாம். ஆனால் ஒரு வருடத்துக்கும் மேலாகத் தம் வீட்டில் வைத்து, வேளாவேளைக்குத் தீனி கொடுத்து, இரவு பகல் பாராமல் பழக்கி வளர்த்ததை, முகம் தெரியாத ஒருவருக்காக ஒரு பைசா வாங்காமல் ஒப்படைத்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்புகிறவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள். பார்வையற்றவர்களுக்கு வழிகாட்டப் போகும் நாய்க்குட்டிகளைத் தொண்டாக வளர்த்துக் கொடுக்கும் குடும்பங்களைத்தான் சொல்கிறோம். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இந்தத் தொண்டு பல பத்தாண்டுகளாக நடந்து வருகிறது.

வணிகர் சங்க இதழில் நாய்க்குட்டிக்கு என்ன வேலை என்று உறுப்பினர்கள் கேட்கலாம். வேலை இருக்கிறது. அந்தக் குட்டி பாடம் படிக்கும் இடங்களில் முக்கியமானது கடை. வளர்ப்பவர் வீட்டில் பாதிப் பாடமும், கடைவீதியில் மீதிப் பாடமும் நடக்கின்றன. கடைக்காரர் வாசலைத் திறந்தால் குட்டி தேறும் வாய்ப்புக் கூடுகிறது. வாசலிலேயே தடுத்து அனுப்பினால் அந்தப் பாடம் நின்றுபோகிறது. வளர்ப்பவரின் தொண்டு பலிப்பதில் கடைக்காரருக்கும் ஒரு பங்கு உண்டு, அந்தப் பங்கை அவர் மனமுவந்து ஏற்க வேண்டும் என்பதே நமது கருத்து.

ஒரு விற்பனையாளர் தொடங்கி வைத்தது

முதல் உலகப் போரில் கண்ணிழந்த வீரர்களுக்காக ஜெர்மனியில் ஓல்டன்பர்க் என்ற ஊரில் 1916-இல் வழிகாட்டி நாய்ப் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. பிற்பாடு ஜெர்மானியப் பள்ளி ஒன்றை நேரில் பார்த்துவந்த டோரத்தி ஹாரிசன் யூஸ்டிஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி, 1927 நவம்பரில் ‘சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்’ என்ற அமெரிக்க வார இதழில் அதைப் பற்றி எழுதினார். அவர் அப்போது சுவிட்சர்லாந்தில் நாய்ப் பண்ணை நடத்திவந்தார். அக்கட்டுரையைப் படிக்கக் கேட்டு அவருக்குக் கடிதம் எழுதியவர் நாஷ்வில் நகரத்து இளைஞர் மோரிஸ் ஃபிராங்க். பதினாறு வயதுக்குள் இரண்டு விபத்துகளில் இரண்டு கண்களையும் இழந்தவர். தொழில், இன்ஷ்யூரன்ஸ் பாலிசி விற்பது.

விற்பனைத் தொழிலில் இருப்பவர்களுக்கு அவருடைய கஷ்டம் புரியும். வாடிக்கையாளரைத் தேடி நாம்தான் போக வேண்டும். போவதற்கே இன்னொருவர் கையைப் பிடிக்க வேண்டுமென்றால் தொழில் எப்படி நடக்கும்? ஃபிராங்க் 1928-இல் சுவிட்சர்லாந்து சென்று ‘பட்டி’ என்ற நாயோடு பயிற்சி பெற்றார். அதே ஆண்டு ஜூன் மாதம் நியூயார்க்கில் இறங்கி, வண்டிகள் பாய்ந்துகொண்டிருந்த ஒரு பெரும் சாலையைப் பத்திரிகையாளர்கள் கண்ணெதிரே அந்த நாயோடு கடந்தார். யூஸ்டிஸ் அம்மையாருக்கு அவர் அனுப்பிய தந்தியில் ‘வெற்றி’ என்ற ஒரே சொல்தான் இருந்தது. 1929 ஜனவரி 29-இல் இருவரும் சேர்ந்து நாஷ்வில்லில் ‘தி சீயிங் ஐ’ என்ற பள்ளியைத் தொடங்கினார்கள். அது பின்னர் நியூஜெர்சி மாநிலத்துக்கு இடம் மாறி, மோரிஸ்டவுன் என்ற ஊரில் நிலைகொண்டது.

பிரிட்டனில் 1931-இல் லிவர்பூல் அருகே வாலசி என்ற ஊரில் நான்கு நாய்களோடு இதே வேலை தொடங்கியது. ஜூடி, ஃபிளாஷ், ஃபாலி, மெட்டா என்ற அந்த நான்கு பெயர்களையும் அந்நாட்டு வழிகாட்டி நாய்ச் சங்கம் இன்றும் நன்றியோடு சொல்லிவருகிறது.

இந்த வரலாற்றில் நாம் குறித்துக்கொள்ள வேண்டிய ஒன்று உண்டு. நாயைப் பழக்கியதோடு ஃபிராங்கின் வேலை முடிந்துவிடவில்லை. ரயிலில் ஏற்ற மறுத்தார்கள், ஹோட்டலில் இடம் கொடுக்க மறுத்தார்கள். ஊர் ஊராகப் போய்ப் பேசி மனத்தை மாற்ற வேண்டியிருந்தது. 1935-க்குள் அமெரிக்க ரயில் கம்பெனிகள் வழிகாட்டி நாயை உரியவரோடு பயணம் செய்ய அனுமதித்தன. 1956-க்குள் எல்லா மாநிலங்களிலும் பொது இடங்களில் நுழையும் உரிமைக்குச் சட்டம் வந்துவிட்டது. ஆக நாய் தயாரான பிறகும் கதவு திறக்க கால் நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

வீட்டில் வளர்ப்பது ஏன்?

ஆரம்ப காலத்தில் வளர்ந்த நாய்களை வெளியிலிருந்து வாங்கியோ நன்கொடையாகப் பெற்றோ பயிற்சி கொடுத்தார்கள். அவற்றில் தேறாதவை ஏராளம். ஒன்று சத்தத்துக்கு மிரளும், ஒன்று பூனையைக் கண்டால் ஓடும், ஒன்று கூட்டத்தைக் கண்டால் பதுங்கும். குட்டியிலேயே வராத பழக்கம் பின்னால் வருவது கடினம் என்று அனுபவம் காட்டியது. ‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா’ என்ற நம் பழமொழி நாய்க்கும் பொருந்துகிறது.

கலிபோர்னியாவில் சான் ரபேல் ஊர்ப் பள்ளியில் தொண்டு செய்த கிளாரன்ஸ் பஃபன்பர்கர் என்பவர் பல ஆண்டுகள் குட்டிகளைச் சோதித்துக் குறிப்பெடுத்தார். அவர் எழுதிய நூல் 1963-இல் வெளிவந்தது. பிறந்த மூன்றாவது வாரம் முதல் ஏறத்தாழ மூன்று நான்கு மாதம் வரை குட்டி மனிதரோடும் உலகத்தோடும் பழகும் பருவம் என்பதும், அந்தப் பருவத்தில் கொட்டிலிலேயே அதிகம் விடப்பட்டவை பிற்பாடு பயிற்சியில் தோற்பது அதிகம் என்பதும் அக்காலத்து ஆய்வுகள் காட்டிய உண்மை.

ஆகவே குட்டியை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். ‘சீயிங் ஐ’ 1942-இல் நியூஜெர்சியின் ‘ஃபோர்-எச்’ என்ற கிராமப்புற இளைஞர் மன்றத்தோடு சேர்ந்து இந்த ஏற்பாட்டைத் தொடங்கியது. கன்று, கோழி வளர்த்துப் பழகிய பண்ணை வீட்டுப் பிள்ளைகள் கையில் குட்டிகள் கொடுக்கப்பட்டன. பிரிட்டனில் 1956-இல் இத்திட்டம் வந்தது. இன்று உலகின் பல நாடுகளிலும் வழிகாட்டி நாய்ப் பள்ளிகள் இந்த முறையையே பின்பற்றுகின்றன. லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், இவ்விரண்டின் கலப்பு, ஜெர்மன் ஷெப்பர்டு ஆகியவையே பெரும்பாலும் தேர்ந்தெடுக்கப்படும் இனங்கள்.

வளர்ப்பவரின் வேலை

ஏழு எட்டு வாரக் குட்டி ஒன்றை நிறுவனம் வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுக்கிறது. ஏறத்தாழ ஒன்றேகால், ஒன்றரை வயது வரை அது அந்த வீட்டில் இருக்கும். தீனிச் செலவும் மருத்துவச் செலவும் பல இடங்களில் நிறுவனத்தின் பொறுப்பு. சில இடங்களில் ஒரு பகுதி மட்டும் கொடுப்பார்கள். வளர்ப்பவர் கொடுப்பது நேரமும் பொறுமையும்.

கற்றுக்கொடுக்க வேண்டியவற்றைப் பட்டியல் போட்டால் சாதாரணமாகத் தோன்றும். சொன்ன இடத்தில், சொன்ன பிறகு மலஜலம் கழிக்க வேண்டும். விருந்தாளி மீது தாவக்கூடாது. சாப்பாட்டு மேசையருகே கெஞ்சக்கூடாது. தரையில் கிடப்பதை எடுத்துத் தின்னக்கூடாது. நாற்காலிக்கு அடியில் ஒரு மணி நேரம் அசையாமல் படுத்திருக்க வேண்டும். பேருந்து, ரயில், மாடிப்படி, லிஃப்ட், மழை, மேளச்சத்தம் எதற்கும் மிரளக்கூடாது. வேறு நாயைக் கண்டாலும் தன் வேலையில் இருக்க வேண்டும். ஒவ்வொன்றையும் நூறு முறை, ஆயிரம் முறை திரும்பத் திரும்பச் செய்து பழக்க வேண்டும். வீட்டிலுள்ள எல்லோரும் ஒரே மாதிரி நடந்துகொள்ள வேண்டும். அப்பா மறுத்ததைத் தாத்தா ரகசியமாக ஊட்டினால் பாடம் கெட்டுவிடும். நிறுவனத்தின் மேற்பார்வையாளர் அவ்வப்போது வந்து பார்ப்பார், வளர்ப்பவர்களைக் கூட்டி வகுப்பும் நடத்துவார்.

வழிகாட்டும் வேலையை வளர்ப்பவர் கற்றுக்கொடுப்பதில்லை. அது பிறகு பள்ளியில் பயிற்சியாளர்கள் சில மாதங்கள் கற்பிக்கும் வித்தை. வளர்ப்பவர் போடுவது அஸ்திவாரம். அந்த அஸ்திவாரத்தின் பெருமை எங்கே தெரியும் என்றால், நாய் உத்தரவை மறுக்கும்போது தெரியும். வழியைத் தீர்மானிப்பவர் பார்வையற்றவர்தான். வண்டிகளின் ஓசையைக் காதால் கேட்டு ‘முன்னே போ’ என்று சொல்பவரும் அவரே. சிக்னல் விளக்கின் நிறம் நாய்க்குத் தெரியாது. ஆனால் அவர் சொன்ன நேரத்தில் ஒரு கார் திடீரென்று திரும்பினால் நாய் நகராது. முதலாளி அவசரத்தில் தப்பான சீட்டில் கையெழுத்துப் போடச் சொன்னால், ‘ஐயா, ஒருமுறை பாருங்கள்’ என்று நிறுத்தும் கணக்குப்பிள்ளை மாதிரி. அடித்து மிரட்டி வளர்த்த நாய்க்கு அந்தத் துணிவு வராது. அன்பாகவும் கண்டிப்பாகவும் ஒரு வீட்டில் வளர்ந்ததற்குத்தான் வரும்.

கடையே பள்ளிக்கூடம்

இப்போது நம் விஷயத்துக்கு வருவோம். பார்வையற்றவர் ஒருவர் நாயோடு எங்கே போவார்? பிஸ்கட், சோப்பு, மருந்து, துணி வாங்கத்தான் போவார். ஆகவே கடையில் நடந்துகொள்ளத் தெரியாத நாயால் அவருக்குப் பயனில்லை. வழுக்கும் தரை, தானாகத் திறக்கும் கண்ணாடிக் கதவு, கடகடவென்று வரும் தள்ளுவண்டி, மூக்கு மட்டத்தில் அடுக்கியிருக்கும் தின்பண்டம், ஓடிவந்து வாலைப் பிடிக்கும் குழந்தை இவற்றையெல்லாம் வீட்டுக்குள் வைத்துக் காட்ட முடியாது. கல்லாவில் பில் போட்டுச் சில்லறை வாங்கும்வரை காலடியில் அமைதியாக நிற்பதைக் கடையில் நின்றுதான் கற்க முடியும்.

சட்டம் எங்கே நிற்கிறது என்பதைக் கடைக்காரர்கள் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவில் 1990-ஆம் ஆண்டு ஊனமுற்றோர் உரிமைச் சட்டமும், பிரிட்டனில் 2010-ஆம் ஆண்டு சமத்துவச் சட்டமும் பயிற்சி முடித்த நாயோடு வரும் பார்வையற்றவரைக் கடைக்குள் அனுமதிக்கச் சொல்கின்றன. ஜப்பானில் 2002-இல் இதற்கென்றே தனிச் சட்டம் வந்தது. ஆனால் பயிற்சியில் இருக்கும் குட்டி அமெரிக்க மத்தியச் சட்டத்தின் கீழ் வராது. பல மாநிலங்கள் தம் சட்டத்தில் அதற்கும் இடம் கொடுத்திருக்கின்றன. பிரிட்டனிலும் குட்டிக்கு அந்த உரிமை இல்லை. அதாவது தேறிய நாய்க்குக் கதவைத் திறப்பது சட்டக் கடமை, தேற வேண்டிய குட்டிக்குக் கதவைத் திறப்பது பல இடங்களில் கடைக்காரரின் நல்ல மனம். நாளைக்கு எல்லோரும் ஏற்க வேண்டிய நாயை இன்றைக்கு யாருமே உள்ளே விடாவிட்டால் அது எங்கே போய்ப் படிக்கும்?

2020-இல் கொரோனா ஊரடங்கின்போது இதற்குக் கண்கூடான சான்று கிடைத்தது. பிரிட்டனில் வழிகாட்டி நாய்ப் பயிற்சியும் குட்டி போட வைப்பதும் நிறுத்திவைக்கப்பட்டன. வீட்டிலிருந்த குட்டிகளுக்குக் கடைவீதியும் இல்லை, பேருந்தும் இல்லை. அதன் பின் நாய்க்காகக் காத்திருப்போரின் காலம் நீண்டது. கடைகளை அடைத்தால் யாருக்கு நஷ்டம் என்பதை அந்த ஆண்டில் நாம் எல்லோரும் உணர்ந்தோம். அந்த நஷ்டக் கணக்கில் இதுவும் ஒரு வரி.

கடைக்காரரின் சந்தேகங்கள்

இதற்கு எதிராகச் சொல்லப்படும் காரணங்களை ஒதுக்கித் தள்ள வேண்டாம், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது சுத்தம். ‘உணவுப் பொருள் விற்கிற இடத்தில் நாயா?’ என்ற கேள்வி நியாயமானது. தெருநாயைப் போலவும் வீட்டு நாயைப் போலவும் இதை எண்ணிவிடுவதால் வருவது அது. சொன்னால்தான் மலஜலம் கழிக்கும், எதையும் நக்காது, தரையில் விழுந்ததைத் தொடாது என்று பழக்கப்பட்ட நாய் இது. அமெரிக்கச் சட்டம் உணவுக் கடைகளுக்கும் பொருந்துகிறது. உள்ளூர்ச் சுகாதார விதி விலங்குகளைத் தடுத்தாலும் இந்த நாய்க்கு விலக்கு உண்டு.

இரண்டாவது, மற்ற வாடிக்கையாளர்களின் பயம். ஒருவர் நாய்க்குப் பயந்தால் அவரைச் சற்று விலகி நிற்க வைக்கலாம், அல்லது அவருக்கு முதலில் பில் போட்டு அனுப்பலாம். ஒருவருடைய பயத்துக்காக இன்னொருவருடைய கண்ணை வாசலில் விட்டுவிட்டு வரச் சொல்வது முறையா? அமெரிக்கச் சட்டமும் பயத்தையும் ஒவ்வாமையையும் அனுமதி மறுக்கக் காரணமாக ஏற்பதில்லை.

மூன்றாவது, ஏமாற்று. வீட்டு நாய்க்குச் சட்டை போட்டு ‘இதுவும் வழிகாட்டி நாய்’ என்று அழைத்து வருகிறவர்கள் உண்டு. இதற்கும் அங்கே ஒரு வழி வைத்திருக்கிறார்கள். உடற்குறை காரணமாக இந்த நாய் தேவைப்படுகிறதா, என்ன வேலைக்குப் பழக்கப்பட்டிருக்கிறது என்ற இரண்டு கேள்விகளை மட்டும் கடைக்காரர் கேட்கலாம். சான்றிதழ் கேட்கக்கூடாது. ஆனால் நாய் கட்டுப்பாட்டில் இல்லாமல் நடந்துகொண்டாலோ, கடையை அசுத்தம் செய்தாலோ வெளியே கொண்டுபோகச் சொல்ல உரிமை உண்டு. கடைக்காரருக்கும் பாதுகாப்பு, வாடிக்கையாளருக்கும் மரியாதை.

குட்டியின் விஷயத்தில் ஏற்பாடு இன்னும் எளிது. வளர்ப்பவர் கூட்டமில்லாத நேரத்தைக் கேட்டுக்கொண்டு வரலாம். முதல் நாள் ஐந்து நிமிடம், அடுத்த முறை கால் மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். கடைச் சிப்பந்திகள் செய்ய வேண்டியது ஒன்றுதான். அதைக் கொஞ்சாமல், தின்பண்டம் கொடுக்காமல், தம் வேலையைப் பார்க்க வேண்டும். வேலையில் இருக்கும் நாயைக் கூப்பிட்டுக் கொஞ்சுவது, பில் போடும் கணக்கரை இடையில் பேச்சுக் கொடுத்துக் குழப்புவதற்குச் சமம்.

ஒப்படைக்கும் நாள்

குட்டி வளர்ந்து, ஒருநாள் நிறுவனத்து வண்டி வாசலில் வந்து நிற்கும். பிரிவு எளிதல்ல. பிள்ளைகள் அழுவார்கள், பெரியவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ‘இத்தனை பாசம் வைத்துவிட்டு எப்படிக் கொடுக்கிறீர்கள்?’ என்று அக்கம்பக்கத்தார் கேட்பார்கள். ஆனாலும் அடுத்த குட்டிக்குப் பெயர் கொடுக்கிறவர்கள் அங்கே பலர். பெண்ணை வளர்த்துக் கட்டிக்கொடுக்கும் பெற்றோருக்கு இந்த மனநிலையை விளக்க வேண்டியதில்லை.

எல்லாக் குட்டியும் தேறுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இடுப்பு எலும்புக் குறை, கண் நோய், பயந்த சுபாவம் என்று பல காரணங்களால் சில விலக்கப்படும். அவற்றுள் சில வேறு பணிக்குப் போகும். சில, வளர்த்த வீட்டுக்கே திரும்பக் கொடுக்கப்படும். அதை நஷ்டக் கணக்கில் எழுத வேண்டியதில்லை. மிரளும் நாயைப் பார்வையற்றவர் கையில் கொடுப்பதைவிட முன்கூட்டியே விலக்கிவிடுவது நேர்மை. நல்ல மண்டிக்காரர் தரம் பிரிக்காமல் மூட்டை கட்டமாட்டார்.

தேறிய நாய் ஏறத்தாழ ஒன்பது பத்து வயது வரை உழைக்கும். இதில் ‘சீயிங் ஐ’ வைத்த விலையைக் கவனிக்க வேண்டும். முதல் நாய்க்கு 150 டாலர், அடுத்தடுத்த நாய்க்கு 50 டாலர், ராணுவத்தில் பணியாற்றியவருக்கு 1 டாலர் என்று 1934-இல் நிர்ணயித்த கட்டணத்தைப் பல பத்தாண்டுகள் மாற்றாமலே வைத்திருந்தார்கள். ஒரு நாயைத் தயார் செய்ய ஆகும் செலவில் அது ஒரு துளி. இலவசமாகவே கொடுத்திருக்கலாமே என்று தோன்றும். ஆனால் காசு கொடுத்து வாங்கியவர் யாருக்கும் கடமைப்பட்டவர் அல்லர். ‘இது என்னுடையது’ என்று தலைநிமிர்ந்து நடக்கலாம். வாங்குபவரின் கௌரவத்தைக் காப்பதும் விலையின் ஒரு வேலை என்பதை வணிகரைவிட யார் நன்றாக அறிவார்?

இந்தத் தொண்டுக்குப் பெரிய படிப்போ செல்வமோ தேவையில்லை. பண்ணைப் பிள்ளைகள் செய்தார்கள். பணி ஓய்வு பெற்றவர்கள் செய்கிறார்கள். நியூயார்க்கில் 1997-இல் தொடங்கிய ஒரு திட்டத்தில் சிறைக் கைதிகளே குட்டிகளை வளர்த்துக் கொடுத்தார்கள். சமுதாயம் கதவடைத்துப் பூட்டியவர்கள், இன்னொருவருக்குக் கதவு திறக்கும் நாயை வளர்த்தார்கள். வணிகர்களுக்கும் இதில் பழைய பங்கு உண்டு. நம் உறுப்பினர்கள் பலர் அரிமா சங்கத்தில் இருக்கிறார்கள். அந்தச் சங்கம் 1917-இல் சிகாகோவில் மெல்வின் ஜோன்ஸ் என்ற இன்ஷ்யூரன்ஸ் தொழிலாளர் முயற்சியில், தொழில் செய்வோரின் மன்றங்களைச் சேர்த்து உருவானது. 1925-இல் அதன் மாநாட்டில் ஹெலன் கெல்லர் பார்வையற்றவர்களுக்காக உழைக்குமாறு வேண்டினார். 1939-இல் மிச்சிகன் மாநிலத்து அரிமாக்கள் சிலர் சேர்ந்து ‘லீடர் டாக்ஸ்’ என்ற வழிகாட்டி நாய்ப் பள்ளியை நிறுவினார்கள். பட்டறையும் பேரேடுமாக இருந்தவர்கள் தொடங்கிய பள்ளி அது.

நாம் செய்யத்தக்கது

நம் ஊர்க் கடைவீதியில் வழிகாட்டி நாயைப் பார்ப்பது அரிது. வெள்ளைக் கோலோடும், உறவினர் தோளைப் பிடித்துக்கொண்டும் வருகிறவர்களையே காண்கிறோம். அப்படியிருக்க இதை ஏன் எழுத வேண்டும்?

முதல் காரணம், நம்மவர்கள் பல நாடுகளில் கடை நடத்துகிறார்கள். லண்டனிலும் டொரோண்டோவிலும் தமிழர் மளிகைக் கடைகள் உள்ளன. நமது உறுப்பினர்களின் பிள்ளைகளும் மருமக்களும் அங்கே கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார்கள். நாளை காலையில் அவர்கள் கடை வாசலில் சட்டை போட்ட ஒரு குட்டியோடு ஒருவர் வந்து நின்று, ‘உள்ளே வரலாமா?’ என்று கேட்கக்கூடும். ‘வாருங்கள்’ என்று சொல்ல இதைப் படித்தவர்கள் அவர்களுக்கு எழுதிச் சொல்லலாம்.

இரண்டாவது காரணம், நம் மரபிலேயே இருக்கிறது. மூட்டைக்கு இவ்வளவு, வண்டிக்கு இவ்வளவு என்று மகமை எடுத்துப் பொதுக் காரியம் செய்தவர்கள் நம் முன்னோர். விருதுநகரில் 1889-இல் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலை அப்படி எழுந்த பள்ளி. காமராஜர் படித்த பள்ளியும் அதுதான். மகமை கொடுத்தவர் எல்லோரும் அதன் பலனைத் தம் கண்ணால் பார்க்கவில்லை. நாய்க்குட்டியை வளர்த்துக் கொடுக்கிறவரும் நேரத்தில் மகமை எடுத்து வைக்கிறார் என்றே நாம் எண்ணுகிறோம். ஒருவர் எடுத்துவைத்த பதினாலு மாதம் இன்னொருவருக்கு எட்டு வருட நடையாகிறது. இதைவிட நல்ல வட்டி எந்தப் பேரேட்டில் உண்டு?

மூன்றாவது காரணம், நாய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நடப்பதற்கு வழி வேண்டும். வழிகாட்டி நாய் தடையைச் சுற்றிப் போகக் கற்றது. நடைபாதை முழுக்க எண்ணெய் டின்னும் வாளியும் விளம்பரப் பலகையும் இருந்தால், சுற்றிப் போக எஞ்சியிருப்பது பேருந்து ஓடும் சாலைதான். வெள்ளைக் கோல் வைத்திருப்பவருக்கும் கதி அதுவே. தலைமட்டத்தில் தொங்கும் தார்ப்பாய்க் கம்பியைக் கோல் காட்டிக்கொடுக்காது. நம் நாட்டில் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பொது இடங்கள் எல்லோரும் எளிதில் அணுகத்தக்கவையாக இருக்க வேண்டும் என்கிறது. சட்டம் கேட்கும்வரை காத்திராமல், கடைக்கு முன்னால் ஓர் ஆள் தாராளமாக நடக்கும் அளவு இடத்தைச் சரக்கு வைக்காமல் விடுவது என்று ஒவ்வொரு கிளைச் சங்கமும் தீர்மானம் போடலாம். இதற்குச் செலவு கிடையாது.

கடைக்குள் வருகிறவரிடம் நடந்துகொள்ளும் முறையும் அப்படித்தான். கூட வந்தவரைப் பார்த்து ‘இவருக்கு என்ன வேண்டும்?’ என்று கேட்கக்கூடாது. வாங்குபவரிடமே கேட்க வேண்டும். கையைப் பிடித்து இழுக்காமல், ‘என் கையைப் பிடித்துக்கொள்கிறீர்களா?’ என்று கேட்கலாம். விலையையும் எடையையும் வாய்விட்டுச் சொல்லி, மீதிச் சில்லறையை நோட்டு நோட்டாக எண்ணிக் கையில் வைக்க வேண்டும். படி இருந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். கடையில் புதிதாகச் சேரும் பையனுக்குத் தராசு பிடிக்கக் கற்றுக்கொடுக்கும்போதே இதையும் கற்றுக்கொடுக்கலாம்.

என்றைக்காவது நம் ஊரிலும் ஒரு குடும்பம் இப்படி ஒரு குட்டியை எடுத்து வளர்க்க முன்வரலாம். அன்றைக்கு அந்தக் குடும்பத்துக்கு நன்கொடையைவிட அதிகம் தேவைப்படுவது, பத்துப் பதினைந்து கடைக்காரர்களின் சம்மதமாகத்தான் இருக்கும். துணிக்கடையில் ஒரு கால் மணி நேரம், மருந்துக்கடையில் ஒரு கால் மணி நேரம், மளிகைக் கடையில் ஒரு கால் மணி நேரம். நம் சங்கத்தில் கேட்டால் கிடைக்கும் என்ற பெயரை இப்போதே நாம் சம்பாதித்து வைக்க வேண்டும். போணி ஆகும் நேரத்தில் வந்து நிற்கிறதே என்று முகம் சுளிக்காமல், கதவை ஓர் ஓரமாகத் தள்ளி வழிவிடுங்கள்.